பாதையைப் பிரிப்போம், பக்தர்களைப் பிரிக்க வேண்டாம்

ஓம் சரவணபவ. 

கொஞ்ச நாளா கோயில்ல அன்னதானத்துக்கு உட்காரும்போதெல்லாம் ஒரே பேச்சு. "நடைபாதையில சைக்கிளை அடியோட தடை செய்யணும்." வயசான அம்மாமார் சொல்றாங்க. அவங்க பயம் நியாயம். 25 கிலோமீட்டர் வேகம்னா ஒரு விநாடிக்கு ஏழு மீட்டர். மெதுவா நடக்கிற பாட்டி திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள சைக்கிள் பக்கத்துல வந்துடும்.

ஆனா தடைதான் தீர்வா? எனக்கு அப்படித் தோணல.

சட்டம் ஏற்கனவே இருக்கு. சாதாரண நடைபாதையில 10 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். சைக்கிள் பாதையிலயும் பூங்கா இணைப்புப் பாதையிலயும் 25. 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டி இருக்கிற நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். அதுல ஓட்டினா 2,000 வெள்ளி வரை அபராதம், மூணு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். ஆக, பாதை ரெண்டாப் பிரிஞ்ச இடத்துல பாட்டிக்குப் பாதுகாப்பு இருக்கு. பிரியாத இடத்துலதான் பிரச்சினை. அங்க ரெண்டு பேரும் ஒரே பாதையில போக வேண்டியிருக்கு.

அதனால நாம கேட்க வேண்டியது தடை இல்ல, தனிப்பாதை. 2030க்குள்ள தீவு முழுக்க சுமார் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அமைக்க நிலப் போக்குவரத்து ஆணையம் திட்டம் வச்சிருக்கு. கட்டுமானத்துல இருக்கிற 21.5 கிலோமீட்டர் வடக்கு-தெற்கு வழித்தடத்துலயும் சைக்கிள் பாதை வருது. வேலை நடக்கிற இந்த நேரத்துல, எந்த முனை குறுகல், எங்க விளக்கு போதல, எந்த பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாடி இடிச்சுக்கிறாங்கன்னு இடத்தோட சொன்னா பலன் உண்டு. ஒன்சர்வீஸ் செயலியில ஒரு படம் எடுத்துப் போடுங்க. தெரியாதவங்களுக்குப் பேரப்பிள்ளைங்க உதவி செய்யலாம்.

இன்னொன்னும் யோசிங்க. அந்த சைக்கிள்ல வர்றது யாரு? விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முருகனைப் பார்க்க வர்ற நம்ம தம்பிங்களும்தானே. அவங்கள்ல பலருக்கு இங்கிலீஷ் அறிவிப்புப் பலகை படிக்கத் தெரியாது. புது விதி தெரியாம ஓட்டி அபராதம் கட்டினா, ஊருக்கு அனுப்ப வச்ச காசுல துண்டு விழும். கோயில் அறிவிப்புப் பலகையில விதியைத் தமிழ்ல எழுதி வைப்போம். சைக்கிள் நிறுத்த ஒரு ஓரம் ஒதுக்குவோம். அப்போ அவங்க கண்ட இடத்துல சாத்தி வைக்க மாட்டாங்க.

நம்ம பக்கமும் சரி செய்யணும். அர்ச்சனைத் தட்டோட நாலு பேர் வரிசையா சைக்கிள் பாதையில நடக்கிறோம். விசேஷ நாள்ல செருப்பைப் பாதையிலேயே கழட்டிப் போடுறோம். மணி அடிச்சா முறைக்கிறோம்.

புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் யீஷூனுக்கு வர்றதுக்கு முன்னாடி செம்பவாங்லதான் இருந்துச்சு. கடற்படைத் தளத்துல உழைச்ச தொழிலாளிங்க வளர்த்த கோயில் அது. அந்தக் காலத்துல வேலை முடிஞ்சு தளத்து வாசல்ல கூட்டங்கூட்டமா வெளிய வந்தது சைக்கிள்கள்தான். சைக்கிள்காரங்க வளர்த்த வழிபாட்டுக்கு வர்ற நாம, இன்னைக்கு சைக்கிள்ல வர்றவனை எதிரியாப் பார்க்கலாமா?

பங்குனி உத்திரத்துக்குள்ள உங்க வீட்டுப் பக்கத்துல இருக்கிற ஒரு ஆபத்தான முனையையாவது தெரியப்படுத்துங்க. எந்த இடம்னு கீழே எழுதுங்க, சேர்த்து நகர மன்றத்துக்கு அனுப்புறோம்.

முருகா சரணம்.