கையில் உள்ளது யாது?

ஐரோப்பிய ஓவிய நூலொன்றை அண்மையில் வகுப்பிலே விரித்துக் காட்டினோம். பர்த்தலோமேயு என்னும் அப்போஸ்தலரின் படம் வந்தது. ஒரு கையிலே கத்தி. மறு கையிலே உரித்தெடுத்த மனிதத் தோல். முன்வரிசை மாணவனொருவன், “ஐயா, இவர் யாரைக் கொன்றார்?” என்று கேட்டுவிட்டான். சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. மாணவப் பருவத்தில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

அவர் எவரையும் கொன்றாரல்லர். உயிரோடு தோலுரிக்கப்பட்டு மாண்டார் என்பது கிறிஸ்தவ மரபு. கத்தி அவரை வதைத்த கத்தி. தோல் அவருடைய தோல். வத்திக்கானிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயச் சுவரிலே, மைக்கலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை தீட்டிய ‘இறுதித் தீர்ப்பு’ என்னும் ஓவியத்தில் அவரை இக்கோலத்திற் காணலாம். அத்தோலிலே தொங்கும் முகம் ஓவியரின் முகமே என்று அறிஞர் பலர் கருதுவர்.

வேலும் மயிலும் கண்டதும் ‘முருகன்’ என்று நம் வீட்டுக் குழந்தையும் கூறும். எழுத்தறிந்தோர் அருகியிருந்த காலத்து ஐரோப்பியருக்கும் இத்தகைய அடையாளங்களே துணை நின்றன. திறவுகோல் ஏந்தியவர் இராயப்பர். விண்ணரசின் திறவுகோல்களை அவருக்குத் தருவதாக இயேசுநாதர் உரைத்தமை மத்தேயுவின் சுவிசேஷத்தில் 16ஆம் அதிகாரத்தில் உளது. பெருக்கற்குறி போன்ற சிலுவையோடு நிற்பவர் அந்திரேயா. வாள் ஏந்தியவர் சின்னப்பர். அவர் சிரத்தைக் கொய்த வாள் அது என்பர். வெட்டியவன் பெயரை இன்று அறிவார் இல்லை. அவன் வாளோ சின்னப்பரின் அடையாளமாயிற்று.

சுவிசேஷகர் நால்வருக்குச் சிறகுடைய உருவங்கள் உண்டு. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட காட்சியில் வரும் நான்கு முகங்களே அவை. எவருக்கு எது என்பதற்குப் புனித எரோணிமுஸ் கூறிய காரணம் சுவையானது. ஒவ்வொரு நூலின் தொடக்கத்தையும் நோக்குக. மத்தேயு இயேசுநாதரின் முன்னோர் வரிசையோடு தொடங்குகிறார், அவருக்கு மனிதன். மாற்கு வனாந்தரத்தில் முழங்கும் குரலோடு தொடங்குகிறார், அவருக்குச் சிங்கம். லூக்கா ஆலயத்திற் பணிபுரியும் குருவோடு தொடங்குகிறார். அவருக்குப் பலிக்குரிய எருது. அருளப்பர் ஆதியிலிருந்த வார்த்தையைப் பற்றி உயரப் பறந்து பாடுகிறார்; அவருக்குக் கழுகு. வெனிஸ் நகரிலே தூணின்மீது நிற்கும் சிறகுடைச் சிங்கம் மாற்குவின் சின்னமே.

இவற்றைக் கூறி முடித்தபோது, வினவிய மாணவன் படத்தை மறுபடியும் வாங்கி நெடுநேரம் பார்த்திருந்தான். “அப்படியானால் அவர் தம் காயத்தையே காட்டுகிறார், ஐயா” என்றான். அதற்குமேல் நாம் விளக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

அயலவர் கையில் ஆயுதம் கண்டவுடன் அவரைக் கொலைஞர் எனத் துணிதல் எளிது. அது யாருடைய ஆயுதம் எனக் கேட்டறிதல் நம் கடன். வாசக நேயர்களே, அடுத்த முறை தேவாலயமொன்றைக் கடக்கும்போது உள்ளிருக்கும் சுரூபங்களின் கைகளைப் பாருங்கள். விளங்காதவிடத்துக் கிறிஸ்தவ நண்பரைக் கேளுங்கள். மகிழ்வோடு கூறுவார்.