பிள்ளையின் நோய் யார் கண்ணில் படுகிறது?



பள்ளிப் பதிவுப் படிவத்தில் 'நோய் ஏதும் உண்டா?' என்ற கட்டத்தில் பெற்றோர் பலர் 'இல்லை' என்றே எழுதித் தருகின்றனர். பிள்ளைக்கு வலிப்பு இருக்கும். அது திடலில் விழுந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். "எல்லாம் அறியாமை" என்று ஆசிரியர் அறையில் சலித்துக்கொள்வோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை.

இப்பெற்றோர் கணினித் திருடனுக்கு அஞ்சுவோர் அல்லர். 2020இல் வந்த 'மைசெஜாத்தரா' செயலியைக் கோப்பெங்கிலும் கடைக்குக் கடை காட்டினோம். 2021இல் 'சூப்பர் அட்மின்' கணக்கு ஒன்றின்வழி, தடுப்பூசி போட்ட 30 இலட்சம் பேரின் விவரங்கள் பதிவிறக்கம் செய்யப்பட்டதைத் தேசியக் கணக்காய்வாளர் அறிக்கை 2023இல் வெளிப்படுத்தியது. எந்தப் பெற்றோரும் அதுபற்றி என்னிடம் கேட்டதில்லை. ஆனால், வகுப்புப் புலனக் குழுவில் ஒரு பிள்ளையின் மருந்துச்சீட்டுப் படம் வந்துவிட்டால் அன்று மாலையே தொலைபேசி அலறும்!

முகம் தெரியாதவன் பார்த்தால் நமக்கென்ன? பக்கத்து வீட்டார் பார்த்தால்தான், நாளை பெண் கேட்டு வருபவர்வரை செய்தி போகும். தோட்டத்தில் வளர்ந்தோருக்கு இது பழைய பாடம். டிரசருக்குத் தெரிந்த நோய் கிராணிக்கும் தெரியும், கிராணிக்குத் தெரிந்தால் லயம் முழுக்கத் தெரியும் என்பார்கள் பெரியவர்கள். 2019இல் சிங்கப்பூரில் எச்.ஐ.வி. தொற்றுடைய 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தபோதும், முதலாளி அறிவாரோ, உறவினர் அறிவாரோ என்பதே பெரும் அச்சம்.

சட்டம் காக்குமே என்பீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நல விவரத்தைத் தனிக்கவனத்துக்குரிய தரவாக வகுத்து, உரியவரின் வெளிப்படையான ஒப்புதலைக் கேட்கிறது. ஆனால், அது வணிக நடவடிக்கைகளுக்கே உரியது. கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. 2024இல் திருத்தியபோதும் இவ்விலக்கை நீக்கவில்லை. தனியார் கிளினிக் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அரசாங்க மருத்துவமனை சொல்ல வேண்டியதில்லை. (மருத்துவர்க்குத் தொழில் அறம் உண்டு, மறுக்கவில்லை.) நம் பள்ளிப் படிவமும் அச்சட்டத்துக்கு வெளியேதான் கிடக்கிறது.

ஆகவே, இது நம் கையில்தான் உள்ளது. நோய் விவரத்தைப் புலனத்தில் கேட்பதை நிறுத்துவோம். தனித்தாளில், மூடிய உறையில் வாங்குவோம். அதைப் படிப்போர் வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர் மட்டுமே என்று அத்தாளின் தலைப்பிலேயே அச்சிடுவோம்.

பெற்றோர்களே, அப்படி ஒரு தாளைத் தந்தால் உள்ளதை எழுதித் தருவீர்களா?