ஐம்பது வெள்ளிக்கு டீ

"என்னங்க இது, டீக்கு ஐம்பது வெள்ளியா? ஆபீஸுக்கே வாங்கிக் கொடுத்தீங்களா?"

கைப்பேசியில் வந்த வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்ட கேள்வி இது. இணையக் கடையில் பொருளின் பெயர் வெறுமனே 'டீ' என்றுதான் இருந்தது. அது குடிக்கிற டீ இல்லை, கோல்ஃப் பந்தை முதல் அடிக்குத் தூக்கி வைக்கிற ஆணி என்று சொன்னதும் அவர் முகம் இன்னும் மோசமானது. தே தாரிக் என்றால்கூட மன்னித்திருப்பார்.

இந்த வாரம் அந்த ஐம்பது வெள்ளியின் கதையைச் சொல்கிறேன். கம்பெனியில் சேர்ந்து நாலைந்து வருடம் ஆனதும் மேலதிகாரி ஒரு நாள், "சனிக்கிழமை கோல்ஃப் வர்றியா?" என்று கேட்பார். போகாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் போனவர்கள் திங்கட்கிழமை பேசிச் சிரிக்கிற பேச்சில் நாம் இருக்க மாட்டோம். அப்படித்தான் நானும் போனேன். பழைய மட்டைகளை யாரோ விற்க, வாங்கினேன். மட்டையை மாற்ற வசதியில்லாதவன் எதை மாற்றுவான்? ஆணியைத்தான் மாற்றுவான்.

கடைகளில் இந்த ஆணிகளில் அத்தனை வகை இருக்கிறது. தலையில் மூன்று கொம்பு வைத்தது, பல் துலக்கும் பிரஷ் மாதிரி நார் வைத்தது, ரப்பர் தலை வைத்தது, மூங்கிலில் செய்தது. பெட்டியின் மேல் ஏறக்குறைய ஒரே வாசகம்தான்: உராய்வு குறைவு, தூரம் அதிகம், அடி நேர். சாதாரண மர டீ ஒரு பையே சில வெள்ளிக்குக் கிடைக்கும்போது நான் பன்னிரண்டு ஆணிக்கு ஐம்பது வெள்ளி கொடுத்தேன்.

உராய்வு குறைந்தால் தூரம் கூடும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து நின்ற நிலையிலிருந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுத்துவிடுகிறது. என்னைப் போன்ற வாரக் கடைசி ஆட்டக்காரன் அடித்தாலும் அந்தக் கணத்தில் பந்தின் மேல் விழும் சராசரி விசை அரை டன் எடைக்குச் சமம். அரை டன் தள்ளும்போது, மண்ணில் லேசாகக் குத்தி நிற்கிற ஒரு குச்சி என்ன தடுத்துவிடப் போகிறது? தடுக்கவே தடுக்காது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வோர் அடியையும் அச்சுப் பிசகாமல் அடிக்கிற இயந்திரக் கையிடம் கொடுத்தால் ஓரிரு மீட்டர் வித்தியாசம் தெரியலாம். ஆனால் நான் ஒரே டீயில் அடுத்தடுத்து அடிக்கிற இரண்டு பந்துகளுக்கு நடுவிலேயே நாற்பது மீட்டர் வித்தியாசம் வருகிறது. அந்த நாற்பதுக்குள் இந்த இரண்டை எங்கே போய்த் தேடுவது?

ஆணிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு, அதையும் கேளுங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு குழியின் தொடக்கத்திலும் ஒரு மணல் பெட்டியும் கொஞ்சம் தண்ணீரும் இருக்கும். ஈர மணலைப் பிடித்துக் கூம்பாக வைத்து அதன் உச்சியில் பந்தை வைப்பார்கள். 'டீ பாக்ஸ்' என்ற பெயர் அந்த மணல் பெட்டியிலிருந்து வந்ததுதான். மர ஆணிக்கு அமெரிக்காவில் 1899 டிசம்பர் 12-இல் காப்புரிமை பெற்றவர் ஜார்ஜ் ஃபிராங்க்ளின் கிராண்ட். கறுப்பினத்தவர், ஹார்வர்டில் படித்த பல் மருத்துவர். அவர் அதை விற்கவில்லை. நண்பர்களுக்குச் சும்மா கொடுத்தார். 1910-இல் இறந்தும் போனார். 1920-களில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த வில்லியம் லோவல், அவரும் பல் மருத்துவர்தான், மரத்தில் ஆணி செய்து சிவப்புச் சாயம் பூசி 'ரெட்டி டீ' என்று விற்றார். வால்டர் ஹேகன் என்ற பெரிய ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்துக் காட்சி ஆட்டங்களில் பயன்படுத்த வைத்த பிறகுதான் உலகமே வாங்கியது. கிராண்டின் பங்கை அமெரிக்க கோல்ஃப் சங்கம் ஏற்றுக்கொண்டது 1991-இல். அதாவது இந்த ஆணி ஆரம்பத்திலிருந்தே விளம்பரத்தால் விற்ற பொருள். நான் ஏமாந்தது புதிதல்ல.

மணல் பிடித்து வைப்பது பெரும்பாலும் பை தூக்குகிறவரின் வேலை. நம் அப்பாக்களில் சிலருக்கு அந்தப் பை தெரியும். பந்து பொறுக்கவும் பை தூக்கவும் தோட்டத்துப் பிள்ளைகள் கிளப்புக்குப் போன காலம் ஒன்று இருந்தது. என் அப்பா பன்னிரண்டு வயதில் போனார். மணல் காலம் அப்போதே முடிந்துவிட்டது, மர ஆணிதான். துரைமார் உடைத்துப் போட்ட ஆணிகளைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லயத்துக்கு வருவாராம். 'கேடி' என்று அந்த வேலைக்குப் பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில் தாத்தா அதை அப்படியே சொல்லி, பெண் வீட்டார் பயந்த கதை எங்கள் குடும்பத்தில் பிரபலம்.

ஆறு வருடம் பை தூக்கியவர் ஒரு முழு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆட விட்டதில்லை என்பதுதான் சரி. நான் மட்டை வாங்கியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மட்டையை எடுத்து, தலையைத் திருப்பிப் பார்த்து, துணியால் துடைத்து மறுபடி பைக்குள் வைத்தார். அவ்வளவுதான்.

போன மாதம் பொதுமக்கள் ஆடும் ஒரு மைதானத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வயது எழுபது, அதனால் பக்கி வண்டியில் உட்கார வைத்தேன். ஐம்பது வெள்ளி ஆணியில் முதல் நான்கு குழிகள் ஆடினேன். ஒரு பந்து வானத்துக்குப் போய் அருகிலேயே விழுந்தது. அடுத்தது தரையோடு உருண்டது. ஒன்று நன்றாகப் போனது, அதை ஆணியின் கணக்கில் எழுதிக்கொண்டேன். ஐந்தாவது குழியில் அப்பா வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"தம்பி, நீ ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு உயரத்துல குத்துற."

"கொஞ்சம்தானேப்பா?"

"கொஞ்சமா? அரை விரல்."

என் ஒரு வருடப் பயிற்சியில் யாரும் இதைச் சொல்லவில்லை. பயிற்சித் திடலில் பாயிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதன் உயரம் மாறாது. மைதானத்துக்கு வந்ததும் உயரத்தை நாமே தீர்மானிக்க வேண்டும். அதை நான் யோசித்ததே இல்லை.

டீயில் ஆட்டத்தை மாற்றக்கூடியது இந்த உயரம்தான். டிரைவர் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தால் மட்டையின் மேல் விளிம்புக்கு மேலே பாதிப் பந்து தெரிய வேண்டும் என்பது பொதுவான அளவு. இன்றைய டிரைவர் தலை பெரியது, விதிப்படி 460 கன சென்டிமீட்டர் வரை இருக்கலாம். அதன் முகத்தில் நடுவுக்குக் கொஞ்சம் மேலே பந்து பட்டால் உயரமாகக் கிளம்பும், பின்சுழற்சி குறையும், தூரம் போகும். நடுவுக்குக் கீழே பட்டால் தாழ்வாகக் கிளம்பி, சுழற்சி கூடி, தூரம் குறையும். ஆணி கொம்பு வைத்ததா பிரஷ் வைத்ததா என்பதைவிட இந்த அரை விரல் பெரிய விஷயம்.

அப்பா என் பையிலிருந்து ஒரு சாதாரண மர ஆணியை எடுத்தார். ஸ்கோர் அட்டையோடு கிடந்த பென்சிலால் அதில் ஒரு கோடு போட்டு, "இது வரைக்கும் மண்ணுக்குள்ள போகணும்" என்றார். அன்று நான் பெரிய ஆட்டக்காரனாகிவிடவில்லை. பந்துகள் வலது பக்கம் ஓடிக்கொண்டேதான் இருந்தன. ஆனால் வானத்துக்குப் போவதும் உருளுவதும் நின்றது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தண்டில் படி வைத்த பிளாஸ்டிக் டீ இருக்கிறது. அந்தப் படி தரையில் முட்டும் வரை குத்தினால் உயரம் எப்போதும் ஒன்றுதான். சில வெள்ளிதான், அதைத் தாராளமாக வாங்கலாம். மூங்கில் சீக்கிரம் உடையாது, அதுவும் பரவாயில்லை. போட்டி ஆடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: விதிப்படி டீயின் நீளம் 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அடிக்கும் திசையைக் காட்டும்படியோ பந்தின் ஓட்டத்தை அளவுக்கு மீறிப் பாதிக்கும்படியோ அது இருக்கக் கூடாது. இணையத்தில் கிடைப்பதெல்லாம் விதிக்கு உட்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள், மீறினால் தண்டனை உண்டு. இங்கிலாந்தின் லாரா டேவிஸ் ஆணியே இல்லாமல், மட்டையால் புல்லைக் குத்திக் கிளப்பி அந்த மேட்டில் பந்தை வைத்து அடித்து நான்கு பெரிய பட்டங்களை வென்றவர். அதைப் பார்த்து நாமும் புல்லைக் குத்த வேண்டாம், மைதானத்துக்காரர் விரட்டுவார்.

அதற்காக ஆணியே வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள். நம் ஊர் மைதானங்களில் அகன்ற இலையுள்ள மாட்டுப்புல்தான் அதிகம். மழை பெய்த மறுநாள் அந்த ஈர இலை மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் வந்துவிட்டால் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. குட்டைக் குழிகளில் இரும்பு மட்டையால் அடிக்கும்போதும் பந்தைத் தரையிலிருந்து ஒரு நூல் தூக்கி வையுங்கள். அதற்கு எந்த டீயும் போதும்.

அன்று எட்டாவது குழி அப்படிப்பட்ட குட்டைக் குழி. நான் பைக்குள் கைவிட்டு ஆணி தேடிக்கொண்டிருந்தேன். அப்பா குனிந்து, யாரோ உடைத்துப் போட்டிருந்த பாதி ஆணி ஒன்றைப் பொறுக்கி, கட்டைவிரலால் மண்ணில் அழுத்தி, என் பந்தை அதன் மேல் வைத்தார்.

"நீங்களே அடிங்கப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஏழாம் எண் இரும்பு மட்டையை வாங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடித்தார். பந்து பச்சைத் திடலுக்கு முன்னாலேயே இடது பக்கம் மணலில் விழுந்தது. "போச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாதி ஆணியை மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமையும் வருகிறேன் என்றிருக்கிறார். மீதி இருக்கும் ஒன்பது கொம்பு ஆணிகள் யாருக்காவது வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள், இலவசமாகத் தருகிறேன்.