கண் திறக்காத கணிப்பொறி

வெளிநாட்டிலிருந்து வாப்பா கொண்டுவந்த கணிப்பொறி, இன்று பரணிலோ மூலையிலோ துணி போர்த்திக் கிடக்கும் இல்லங்கள் கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வட்டாரத்தில் உண்டு. பொத்தானை அழுத்தினால் விழிப்பதில்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்று எண்ணுகிறோம். சற்றே பொறுங்கள். வாப்பா தட்டச்சு செய்த கடிதங்கள், பாகப்பிரிவினைக் கணக்கு, பிள்ளைகளின் படங்கள், மஹல்லாவின் சந்தாப் பதிவேடு ஆகியவற்றுக்கு வேறு படி உண்டா என்று முதலில் கேட்டறியுங்கள்.

கடலோர ஊர்களில் இப்பொறிகளுக்கு முதற்பகை உப்புக்காற்று. ஓலைச்சுவடியைச் செல் அரித்தாற்போல, உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளிருக்கும் உலோக முனைகளை அரிக்கின்றன. ஆயினும், பொறி விழிக்கவில்லை என்பதால் பதிவுகளும் அழிந்தன என்று பொருளன்று. அவை தங்கியிருப்பது ஹார்ட் டிஸ்க் என்னும் தனி உறுப்பில். மற்றவை பழுதாயினும் அது நலமாயிருக்கக்கூடும்.

2011 டிசம்பரில் வீசிய தானே புயலிலோ, 2015 வெள்ளத்திலோ நனைந்த பொறியாயின் மின் இணைப்பே கொடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தேர்ந்தவரிடம் ஒப்படையுங்கள். மற்றப் பொறிகளின் பின்புறத்தில் மின்னழுத்தம் மாற்றும் சிறு விசை இருந்தால், அது 230 என்று காட்டுகிறதா எனப் பார்த்த பின்னரே இணையுங்கள். 115இல் இருந்தால் மின்பெட்டி கருகிவிடும்.

இனி அறிகுறிகளைக் காண்போம். விசிறியே சுழலவில்லையெனில் கம்பியையும் பிளக்கையும் மாற்றிப் பாருங்கள். பின்னும் சுழலாவிடில் பழுது மின்பெட்டியில் இருக்கலாம். அப்பெட்டியை நீங்கள் திறக்கலாகாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டு, 'பீப்' ஒலி மட்டும் கேட்டால், மின் இணைப்பை நீக்கிவிட்டு ராம் எனும் நினைவகப் பலகையைக் கழற்றுங்கள். அதன் பொன்னிற முனைகளை மென்மையான அழிரப்பரால் துடைத்து, மீண்டும் அழுந்தப் பொருத்துங்கள்.

திரையில் எழுத்துத் தோன்றி, தேதி தவறாகக் காட்டி நின்றுவிட்டால், காசு வடிவிலான 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். புதியதைப் பொருத்தி, தேதியையும் ஹார்ட் டிஸ்க் விவரத்தையும் மீண்டும் பதிய வேண்டும். 386, 486 காலத்துப் பொறிகள் பலவற்றில் உருளை வடிவப் பேட்டரி கசிந்து, பலகையின் செம்புக் கோடுகளையே தின்றிருக்கும். இயங்குதளம் இல்லை என்ற செய்தி வந்தால், பிளாப்பித் தட்டு ஏதேனும் உள்ளே மறந்து விடப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்ற ஓசை எழுந்தால் உடனே நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் இயக்கினால் எஞ்சியதும் போகும். பொறியே தேறாவிடில் டிஸ்க்கைக் கழற்றி, அதற்குரிய யூ.எஸ்.பி. இணைப்பி வழியாக இன்றைய கணினியில் படியெடுக்கலாம். 'பார்மட் செய்யவா?' என்று கணினி கேட்டாலும், கடைக்காரர் கேட்டாலும் இசையாதீர்கள்.

படியெடுத்த தமிழ்க் கடிதங்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். அவை யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அமைந்தவை. 1999இல்தான் தமிழக அரசு டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகளை அறிவித்தது. அதற்கு முன் எழுத்துருவுக்கு ஒரு முறை இருந்தது. எனவே பழைய எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே படியெடுங்கள். எழுத்துகளைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

எடுத்த படி ஒன்றோடு அமையாதீர்கள். ஒன்று கடலூர் வீட்டில் இருந்தால், மற்றொன்று சிதம்பரத்து உறவினர் வீட்டில் இருக்கட்டும்.