குவாந்தனாமோ முதல் சிம்பாங் ரெங்கம் வரை: மருத்துவர்கள் யார் பக்கம்?



2005 அக்டோபரில் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சின் அழைப்பை ஏற்று ஒரு குழு கியூபா தீவிலுள்ள குவாந்தனாமோ ராணுவத் தடுப்பு முகாமுக்குப் போனது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத் தலைவர் ஸ்டீவன் ஷார்ஃப்ஸ்டீனும், அமெரிக்க உளவியல் சங்கத் தலைவர் ரொனால்ட் லெவண்டும் அக்குழுவில் இருந்தனர். முகாமின் மருத்துவமனையைச் சுற்றிக் காட்டினார்கள். அதிகாரிகள் விளக்கம் தந்தார்கள். ஆனால் கைதிகளோடு பேச வழி செய்யப்படவில்லை. அதே வேளையில் முகாமில் உண்ணாவிரதம் நடந்துகொண்டிருந்தது. பலருக்கு மூக்கு வழியே குழாய் செருகி உணவு செலுத்தினார்கள்.

ஒரே பயணம், ஒரே காட்சி. திரும்பி வந்த இரு சங்கங்களும் இரு வழியில் போயின. மனநல மருத்துவர் சங்கம் 2006 மே மாதத்தில், விசாரணை அறையில் எங்கள் உறுப்பினர்கள் நேரடியாகப் பங்கேற்கக் கூடாது என்று அறிவித்தது. உளவியல் சங்கமோ, உளவியலாளர் உடனிருந்தால் விசாரணை பாதுகாப்பாக நடக்கும் என்ற தன் வாதத்தைத் தொடர்ந்தது. பத்தாண்டு கழித்து, 2015 ஜூலையில், அச்சங்கமே அமர்த்திய வழக்கறிஞர் டேவிட் ஹாஃப்மனின் அறிக்கை வெளிவந்தது. சங்கப் பொறுப்பாளர்கள் சிலர் ராணுவத்துக்கு ஏற்றபடி நெறிமுறைகளைத் தளர்த்தி எழுதினார்கள் என்று அது போட்டு உடைத்தது. அடுத்த மாதமே சங்கம் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பத்தாண்டை யார் திருப்பித் தருவது?

"எங்கோ கியூபாவில் நடந்தது, ஜொகூர்த் தமிழனுக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா? இரண்டு மலேசியர்கள் 2006 செப்டம்பரில் அதே முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 2024 டிசம்பரில்தான் நாடு திரும்பினார்கள். அவர்கள் 2024 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். குற்றம் பெரிதுதான். ஆனால் குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கப் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க வைப்பது எந்த நீதி?

இனி நம் வாசலுக்கு வருவோம். குளுவாங் பக்கத்தில் இருக்கிறது சிம்பாங் ரெங்கம். அந்தப் பெயரைக் கேட்டாலே நெஞ்சு பதறும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின் கீழ் நம் இளைஞர்கள் விசாரணையே இல்லாமல் அங்கே அடைக்கப்பட்டார்கள். அந்தச் சட்டத்தை நீக்கும்படி 2005-இல் காவல்துறை மீதான அரச விசாரணை ஆணையமே பரிந்துரைத்தது. அவசரகாலப் பிரகடனங்கள் 2011 இறுதியில்தான் அகற்றப்பட்டன. ஆனால் குற்றத் தடுப்புச் சட்டத்தை 2013-இல் திருத்தி, இரண்டாண்டுத் தடுப்புக் காவலை வேறு கதவு வழியாக மீண்டும் உள்ளே கொண்டு வந்தார்கள். சட்டி மாறியது, சோறு மாறவில்லை.

மருத்துவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது ஏன் முக்கியம்? குகன் ஆனந்தனை நினைத்துப் பாருங்கள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா காவல் நிலையத்தில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்து இறந்ததாகச் சொன்னது. குடும்பம் விடவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனைதான், அடித்த அடியில் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைக் காட்டியது. 2013-இல் உயர்நீதிமன்றம் காவல்துறையைப் பொறுப்பாளியாக்கி இழப்பீடு வழங்கியது. ஒரே உடல், இரண்டு அறிக்கை. இரண்டாவது அறிக்கை இல்லையென்றால் வழக்கே இல்லை.

மருத்துவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. கைதி சித்திரவதைக்கு எந்த வகையிலும் துணை போகக்கூடாது என்று உலக மருத்துவர் சங்கம் 1975-இல் தோக்கியோவில் பிரகடனம் செய்தது. சீருடை அணிந்த மருத்துவருக்கும் அது பொருந்தும்.

தடுப்பு முகாமுக்குச் செல்லும் எந்தக் குழுவும் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளை அனைத்துலகச் செஞ்சிலுவைச் சங்கம் வகுத்து வைத்திருக்கிறது. முகாமின் எல்லா இடங்களையும் பார்க்க வேண்டும். கைதியிடம் காவலர் இல்லாமல் தனியே பேச வேண்டும். மீண்டும் மீண்டும் போக வேண்டும். குவாந்தனாமோவுக்குப் போன மருத்துவக் குழுவுக்கு இந்த வசதி இல்லை. சுஹாகாம் தடுப்பு நிலையங்களுக்குப் போகலாம் என்கிறது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அந்நிலையங்களின் விதிமுறைகளுக்கு உட்பட்டே போகலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தில் மலேசியா இன்னும் சேரவில்லை.

"குண்டர்களுக்காகப் பரிந்து பேசுகிறீர்களே" என்று நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதில்: குண்டன் என்றால் நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், நிரூபியுங்கள், தண்டனை கொடுங்கள். தண்டனையைத் தீர்மானிக்க வேண்டியது நீதிபதி. லாக்கப்பில் இருக்கும் தடியோ, கொடுக்காமல் நிறுத்தப்பட்ட இன்சுலினோ அல்ல.

வாசகர்களே, உங்கள் வீட்டில் யாராவது கைதாகும் நிலை வந்தால் அழுது நேரத்தைக் கழிக்காதீர்கள். நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய் இருந்தால் மருந்துப் பெயர்களோடு எழுதி, கிளினிக் அட்டையின் நகலையும் சேர்த்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்; பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேளுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு வழக்கறிஞர் உரிமையைத் தருகிறது. உடனே ஒருவரை அழையுங்கள். நீதிபதி முன் கொண்டு வரும்போது உடலில் காயம் இருந்தால் அங்கேயே வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். காவலில் மரணம் நேர்ந்தால், மரண விசாரணை நடத்தும்படி வற்புறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டாவது பிரேதப் பரிசோதனை கோருங்கள். அது முடியும் வரை தகனத்துக்கு அவசரப்படாதீர்கள்.

நம் சமுதாயத்தில் மருத்துவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஜொகூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. அழைத்தால் போங்கள். ஆனால் கைதியைத் தனியே பார்க்க விடாவிட்டால், "நாங்கள் பார்த்தது கட்டடத்தை மட்டும்தான்" என்று திரும்பி வந்து வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி போதும்; உங்கள் பெயரை வைத்து யாரும் நற்சான்றிதழ் அச்சடிக்க முடியாது.

விழித்திருப்போம்! ஒன்றுபடுவோம்!