அந்துருண்டையும் தூளிச் சேலையும்



போன வாரம் எங்கள் குடும்பத்தில் ஒரு சின்ன மனத்தாங்கல். காரணம் அந்துருண்டை. பிறந்து 12 நாளான குழந்தைக்குத் தூளி கட்ட, அக்கா பீரோவின் அடித்தட்டிலிருந்து தன் பழைய நூல் சேலையை எடுத்தார். உதறியதும் மடிப்பிலிருந்து இரண்டு உருண்டை விழுந்தன. அறை முழுக்க நெடி. "இந்தச் சேலை வேண்டாம் அக்கா" என்றேன். "என் பிள்ளைங்க மூணும் இதுலதான் தூங்குச்சு. வந்துட்டா டீச்சரம்மா, பாடம் எடுக்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாடம்தான். என்னிடம் படித்தவர்களுக்குப் பதங்கமாதல் நினைவிருக்கும். கற்பூரத்தைக் கிண்ணத்தில் சூடாக்கி, மேலே புனலைக் கவிழ்த்துக் காட்டுவேன். அந்துருண்டையும் அதே ரகம், உருகாமலே ஆவியாகும். கரைந்துபோச்சு என்று நாம் நினைக்கிற உருண்டை துணியிலும் நம் மூச்சிலும்தான் சேர்ந்திருக்கிறது.

அதிலுள்ள நாப்தலீன் உடம்பில் ஏறினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம்தான் கூடுதல். பச்சிளம் குழந்தை என்றால் மஞ்சள் காமாலை முற்றி மூளையையே பாதிக்கலாம். அந்துருண்டை போட்டு வைத்த துணியை உடுத்தியே இப்படி ஆன குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. எண்ணெய் தேய்த்த உடம்பென்றால் தோல் வழியாக இன்னும் எளிதாக ஏறும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்க்காத கைக்குழந்தை உண்டா?

அக்காவின் மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, உண்மைதான். அவர்களுக்கு அந்தக் குறைபாடு இல்லாமல் இருந்திருக்கலாம். இந்தக் குழந்தைக்கு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லையே! ஐரோப்பிய ஒன்றியம் 2008-லேயே நாப்தலீன் அந்துருண்டையைத் தடை செய்துவிட்டது. நம் ஊர்க் கடையில் மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.

என்னைக் கேட்டால், பெரும்பாலான வீடுகளில் இது தேவையே இல்லை. அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையும் பட்டையும். நூல் சேலையை அரிப்பது கஞ்சிப் பசைக்கு வரும் ராமபாணப் பூச்சி. கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாகக் காயவைத்து மடித்தால் அதுவும் அண்டாது. வாஷ்பேசினில் போடுவது வீண். மூடிய பெட்டிக்குள் ஆவி அடர்த்தியாகச் சேர்ந்தால்தான் பூச்சி சாகும். அறையில் நெடி அடித்தால் பூச்சிக்குப் போக வேண்டியது நமக்கு வருகிறது. பாம்பு வராது என்று வீட்டைச் சுற்றிப் போடுகிறார்கள். பாம்பு அதைச் சட்டை செய்வதில்லை.

பட்டுச் சேலைப் பெட்டிக்கு வைத்தே தீருவேன் என்பவர்கள், இறுக மூடும் டிரங்குப் பெட்டியில், பொட்டலத்தில் சொன்ன அளவு மட்டும் வையுங்கள். பெட்டி படுக்கையறையில் வேண்டாம். வெளியே எடுத்த துணியைக் காற்றாடப் போட்டுவிட்டு உடுத்துங்கள். கைக்குழந்தையின் துணிக்கு வேண்டவே வேண்டாம்.

குழந்தை ஒன்றை விழுங்கிவிட்டால் பால் கொடுக்காதீர்கள். கொழுப்போடு சேர்ந்தால் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். "நல்லாத்தானே விளையாடுறான்" என்று இருந்துவிடக் கூடாது. ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட சிறுநீர் கறுத்துப் போகலாம், முகம் வெளுக்கலாம்.

கடைசியில் வேறொரு சேலையைத் துவைத்துக் காயவைத்துத் தூளி கட்டினோம். ஜி6பிடி பரிசோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறேன். பழைய சேலை மொட்டைமாடிக் கொடியில் கிடக்கிறது. அக்கா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். காட்டுங்கள்.