மலை சரியுமுன் படம் தமிழில் வரட்டும்!



நிலப்படம் ஒன்று என்ன செய்யும் என்பதைத் திருத்தணியார்க்குப் பிறர் வந்து கற்பிக்க வேண்டா. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது, தணிகைமலை சித்தூர் மாவட்டத்தோடு அப்பால் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பின்னர், படாசுகர் என்பார் ஊரை அலகாகக் கொண்டு, எவ்வூரில் எம்மொழியினர் மிகுதி என்று பார்த்துக் கோடு கிழித்தார். 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. மாவட்டத்தை அலகாகக் கொண்டிருந்தால் நாம் இன்றும் அப்பால்தான்! அந்த ஊரலகைத்தான், இன்று வேறொரு படத்திற்காக மீண்டும் கேட்கின்றோம்.

அது நிலச்சரிவு இடர்ப்படம். மலையின் சாய்வு, பாறையின் வகை, மண்ணின் தடிப்பு, நீர்வழி, நிலப் பயன்பாடு, முன்பு சரிந்த இடங்கள் ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக்கி, கண்ணாடித் தாள்களை அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, ஒவ்வொன்றற்கும் உரிய எடை கொடுத்துக் கூட்டினால், எவ்விடம் சரியக்கூடும் என்பது தெரியவரும். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 2014 முதல் 4 இலக்கத்திற்கும் மேற்பட்ட சதுரக் கிலோமீட்டர் மலைநிலத்திற்கு இவ்வாறு படம் வரையத் திட்டமிட்டுப் பணியாற்றியது. ஐதராபாத்துத் தேசியத் தொலையுணர்வு நடுவம், 1998 முதல் 2022 வரை நேர்ந்த ஏறத்தாழ 80,000 சரிவுகளைத் தொகுத்து 2023இல் படத்தொகுதி வெளியிட்டது. அரிய பணி, அறிவியலாரைப் போற்றுகின்றோம். ஆனால் அத்தொகுதி ஆங்கிலத்தில் அன்றோ கிடக்கின்றது! இந்நாட்டை அளக்கும் பெரும்பணி 1802இல் இலாம்டன் என்னும் ஆங்கிலேயனால் நம் பரங்கிமலையில் தொடங்கிற்று. அளந்தது நம் மண். எழுதியது அவன் மொழி. அவன் போன பின்னும் எழுத்து மாறவில்லை.

மொழி மட்டுமா? அப்படங்களின் அளவு 1:50,000. தாளில் ஒரு செண்டிமீட்டர், நிலத்தில் அரைக் கிலோமீட்டர். அறுபது மீட்டர் நீளமுள்ள ஒரு தோட்ட லயம் அதில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை தொட்டில்கள்!

ஈழ மலையகத்தைப் பாருங்கள். கொசுலாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டம் சரியக்கூடியது என்று இலங்கைத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. லயங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. 2014 அக்தோபர் 29 காலை மலை இறங்கி அவற்றை மூடிற்று. அறிவியல் அங்கே தோற்கவில்லை. அறிந்தவன் ஒருவன், ஆணையிடுபவன் வேறொருவன், படுத்துறங்கியவன் மூன்றாமவன்; அம்மூன்றாமவன் தமிழன், நிலமற்றவன். மூணாற்றுப் பெட்டிமுடியில் 2020 ஆகத்து 6 இரவு மண்ணுக்குள் போன 70 பேரும் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோரே, பெரும்பாலோர் தமிழர். 2024 திசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் உருண்டு ஒரே வீட்டில் எழுவரைக் கொன்றன; அவர்களுள் ஐவர் குழந்தைகள்.

'அறிவியற் படத்தைத் தமிழில் எழுத முடியுமா?' என்று கேட்கும் அறிவாளர் நம்மிடையே உளர். சாய்வு, பாறை, ஓடை, மண் இவற்றுக்குத் தமிழில் சொல் இல்லையா? ஒவ்வொரு புலத்தையும் எண்ணிட்டுக் காட்டும் புலப்படங்கள் வருவாய்த்துறையில் தமிழில் வழங்கவில்லையா? அப்புலப்படத்தின்மீது சரிவுப் படத்தைப் பொருத்துங்கள். இன்ன புல எண், இன்னார் வீடு, இன்ன ஓடை என்று காட்டுங்கள். மலைவாணர் வழங்கும் ஓடைப்பெயர், குன்றுப்பெயர்களை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். எந்த ஊற்று எந்த மழையில் கலங்கும் என்பது வானத்துக் கருவிக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

தணிகைமலை நாளை சரியும் என்று நாம் அச்சுறுத்தவில்லை. ஆயினும் ஆடிக் கிருத்திகையன்று படியேறும் பெருங்கூட்டத்திற்காக, இம்மலையின் சாய்வும் நீர்வழியும் புல அளவில் அளந்து காட்டப்பட வேண்டும்.

1956ஆம் ஆண்டே ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய அரசு இது. 1978, 1979, 1993, 2009 என அடுத்தடுத்துச் சரிவு கண்ட நீலமலையின் ஒவ்வோர் ஊராட்சிச் சுவரிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் அப்படம் தமிழில் தொங்கட்டும். திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் முதற்படம் தொங்கட்டும்.